உள்வாங்கிய பாட்டில்

காரைத் துடைக்கக் கதவைத் திறந்த நாகமணியின் கையில் காலித் தண்ணீர் பாட்டில் ஒன்று அகப்பட்டது. மூடி இறுகத் திருகியிருந்தது. பக்கங்களோ உள்வாங்கி ஒட்டிக் கிடந்தன. மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்றை இழுத்துக்கொண்டு பாட்டில் நிமிர்ந்தது.

சமயநல்லூர்ப் பள்ளியில் பதினெட்டு வருடமாக இயற்பியல் நடத்துகிறவள் அவள். மலை உச்சியில் காற்று மெலிந்திருக்கும். அங்கே மூடிய பாட்டிலைக் கீழே கொண்டுவந்தால், சமவெளிக் காற்றின் அழுத்தம் அதை நசுக்கிவிடும்.

ஆனால் அவள் கணவர் விஜய்ஆனந்த் போய்வந்ததாகச் சொன்னது சமவெளியில் இருக்கும் கொட்டாம்பட்டிக்கு. கப்பலூரில் பட்டறை வைத்திருக்கும் அவர், மோட்டார் ரிப்பேர் என்று மாதம் இரண்டு சனிக்கிழமை அங்கே போவார்.

கையால் நசுக்கி மூடியிருப்பாரோ? அடுத்த முறை அவளே புது பாட்டில் கொடுத்தாள். "குடிச்சிட்டு நசுக்காம மூடிக் கொண்டாங்க. கிளாஸுக்கு வேணும்."

அதுவும் ஒட்டித்தான் வந்தது. சட்டையில் யூகலிப்டஸ் வாசனை வேறு. மறுநாள் பஸ் ஏறி கொட்டாம்பட்டிக்கே போய், ஒரு காலி பாட்டிலை மூடி எடுத்துவந்தாள். அதில் ஒரு சொட்டை இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் இவருக்கு மலையில் யார்? பள்ளிக்கூடத்தில் கரும்பலகை முன் நிற்கும்போதும் அதே நினைப்பு.

புதன்கிழமை இரவு அவர் சாப்பிட உட்கார்ந்தபோது பாட்டிலை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். கோபம் வந்தால் வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியை விட்டுத் தமிழுக்கு மாறிவிடுவாள்.

"கொட்டாம்பட்டி எப்பங்க மலை மேல ஏறுச்சு?"

அவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டார். அவரும் தமிழிலேயே சொன்னார்: "கொடைக்கானலுக்குப் போறேன். லட்சுமியப் பாக்க."

ஸ்ரீலட்சுமி அவர்களுடைய ஒரே மகள். இரண்டு வருடத்துக்கு முன் பீமாராவ் என்ற நர்ஸைச் சாதி பாராமல் கட்டிக்கொண்டு போனவள். அவள் பேரை இந்த வீட்டில் எடுக்கக் கூடாதென்று சொன்னது நாகமணிதான்.

"எட்டு மாசமா இருக்கா. மாப்ள டூட்டிக்குப் போயிட்டா தனியாத்தான் கெடக்கா. ஒவ்வொரு தடவையும் ஒன்னயத்தான் கேப்பா."

"என்னன்னு?"

"முட்டி வலி எம்புட்டு இருக்குன்னு."

வேறொருத்தியைத் தேடித் துருவிய நாகமணியின் மனசு, தான் போட்ட தடையிலேயே வந்து முட்டி நின்றது. தனக்குப் பயந்தல்லவா இந்த மனுஷன் பொய் சொல்லியிருக்கிறார்! "சோறு ஆறுது, சாப்புடுங்க" என்றாள்.

சனிக்கிழமை அவளும் காரில் ஏறினாள். பாதி மலையில் காது அடைத்தது. எச்சில் விழுங்கி விழுங்கிச் சரிசெய்துகொண்டாள். கதவைத் திறந்த பீமாராவ் திகைத்து, "வாங்கத்தே" என்று ஒதுங்கி வழிவிட்டான். உள்ளே லட்சுமி சுவரைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தாள்.

"எந்திரிக்காத" என்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்த நாகமணி, மருமகனைப் பார்த்து முதன்முதலாகப் பேசினாள்:

"டாக்டர் எந்தத் தேதி சொல்லியிருக்காங்க?"