சாத்திரியாரின் குடும்பப் பாஸ்

இத்தாலியின் பலேர்மோ நகரத்துப் பிரான்காச்சோ அடுக்குமாடியில் விக்னராஜாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாரில்லை. எல்லாருக்கும் அவர் ரயில் சாத்திரியார். கலியாணத்துக்கு நாள் பார்க்கிறவர் வேறு, ரிக்கெற் வாங்க நாள் பார்க்கிறவர் இவர். எந்தக் கிழமை விலை இறங்கும், எந்தப் பாஸில் பிள்ளைகளுக்குக் காசில்லை என்று படியில் ஆளை மறித்து வைத்துச் சொல்லுவார். சொல்லி முடிந்ததும், சலுகை பாராமல் முழு விலை கொடுக்கிற பைத்தியங்களைப் பற்றிய அவருடைய வேதவாக்கு வரும்: "முழு ரிக்கெற் எடுக்கிறவன் முழு விசரன்."

அந்த வாக்கை அதிகம் வாங்கிக் கட்டியவர் மேல்மாடிப் பத்மநாதன். மிலானோவில் தங்கையின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு அந்தர அவசரத்தில் முழு ரிக்கெற் எடுத்துப் போய்வந்தவர். பாவம், அதற்குப் பிறகு சாத்திரியாரின் கதவைப் பதுங்கிப் பதுங்கித்தான் கடப்பார்.

இந்தச் சாத்திரத்தால் ஒரு பிரயோசனமும் காணாதவள் அவருடைய மனைவி ஞானம்பிகை. லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான இத்தாலிய அம்மணியின், அதாவது சிஞ்ஞோராவின், வீட்டில் வேலை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. வடக்கே ஓகஸ்டிலும் பனி கிடக்கிற மலைக்குக் குடும்பமாகப் போய், ஒருக்கால் அந்தப் பனியில் கால் வைக்க வேண்டும். ஒவ்வொரு கோடையும், "அடுத்த வருசம் இதைவிட மலிவா ஒரு பாஸ் வரும், பொறும்" என்பார் சாத்திரியார். இலவு காத்த கிளியாய் இவர்கள் காத்திருந்ததில் மூத்தவன் தனேஸுக்கு மீசை அரும்பிவிட்டது.

"இந்த வருசமும் போகாட்டி, இனிப் பனியெண்டு வாயே திறக்க மாட்டன்," என்றாள் ஞானம்பிகை.

சண்டை பிடித்திருந்தால் சமாளித்திருப்பார். அவள் மெதுவாகச் சொன்னதுதான் மனுசனைப் பயப்படுத்திவிட்டது.

அந்த 2016ஆம் ஆண்டுதான் குடும்பப் பாஸ் ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஒரு குடும்பம், ஒரு பாஸ், மலையுச்சிவரை ரயில். யூலை பதினைந்துவரை விற்பனை. வேறொருவர் என்றால் அன்றைக்கே வாங்கியிருப்பார். சாத்திரியாரோ, "கடைசி நாளில இன்னும் இறக்குவாங்கள்" என்று குந்தியிருந்தார். அவர்கள் இறக்கவில்லை.

யூலை பதினைந்து ஊர்காக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவின் பெருநாள். பலேர்மோ முழுக்கப் பூட்டு. வுச்சீரியாச் சந்தையில் ஸ்ரெல்லா என்பவளின் பயணக் கடை மட்டும் திறந்திருந்தது. குடும்பத்தோடு போனார். ஊருக்குக் காசு அனுப்ப வந்த தமிழ்ச்சனம் நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள், அதில் பத்மநாதனும் ஒருவர்.

ஸ்ரெல்லா பாஸ்போட்டுகளை விரித்தாள். "சிஞ்ஞோரா விக்னராஜா. மகன் விக்னராஜா. மகள் விக்னராஜா. நல்லது. இந்த அழகரத்தினம் யார்?"

"நான்தான். இவர்களின் அப்பா."

"அப்படியென்றால் விக்னராஜா யார்?"

"அதுவும் நான்தான்."

ஸ்ரெல்லா கண்ணாடியைக் கழற்றினாள். அழகரத்தினம் தன் தகப்பன் பெயர், அதை இத்தாலிக்காரர் தனக்குக் குடும்பப்பெயர் ஆக்கிவிட்டார்கள், தன் பெயரை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் குடும்பப்பெயர் ஆக்கிவிட்டார்கள் என்று சாத்திரியார் கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். விளக்க விளக்க அவளுக்குச் சந்தேகம்தான் கூடியது.

"ஒரே குடும்பம் என்றால் ஒரே குடும்பப்பெயர் வேண்டும். இல்லையென்றால் நகரசபையின் குடும்பச் சான்றிதழ்."

"நகரசபை இன்றைக்குப் பூட்டு. நாளைக்குக் கொண்டு வருகிறேன்."

"நாளைக்குப் பாஸ் இல்லை." அவள் இரங்கிச் சொன்னாள், "அம்மாவும் பிள்ளைகளும் ஒரே பெயர். அவர்களுக்கு இப்போதே தரலாம். உங்களுக்குத்தான் முழு ரிக்கெற்."

முழு ரிக்கெற் என்றதும் வரிசையில் பத்மநாதனின் தலை நிமிர்ந்தது. அந்த மனுசனின் பார்வை முதுகில் விழுவது சாத்திரியாருக்கு நன்றாகத் தெரிந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

"எடுங்கோ," என்றாள் ஞானம்பிகை, அவருக்கு மட்டும் கேட்க. "ஒருக்கால் விசரனா இருந்தா என்ன குறைஞ்சுபோகும்?"

"நீங்கள் போயிட்டு வாங்கோ. எனக்கு வேலை கிடக்கு," என்றார் அவர் உரத்து.

பயணம் ஓகஸ்டில், அந்த மாதம் அவர் கூட்டித் துடைக்கிற அலுவலகக் கந்தோரே பூட்டு என்பது அந்த வரிசைக்கு முழுக்கத் தெரியும்.

அவர்கள் போனார்கள். சாத்திரியார் வெக்கையில் காற்றாடிக்குக் கீழே கிடந்து, தன் பயணச்செலவும் மிச்சம்தானே என்று மனதைத் தேற்றினார். நாலு பேருக்கு அரிசி போட்டே பழகிய கை, சோறு மிஞ்சிக் கிடந்தது. மூன்றாம் நாள் போனில் ஒரு படம் வந்தது. சிஞ்ஞோராவின் பழைய கோட்டுக்குள் ஞானம்பிகை பனியில் நின்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது கண்டார் என்று அவருக்கு நினைவில்லை.

பிறகு சின்னவள் கேசிகா போனில் கூப்பிட்டாள். "அப்பா, மலை ரெயினில ரிக்கெற் பாக்கிறவர் கேட்டவர், பப்பா வரேல்லையோ எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"அவருக்கு வேற கொஞ்ஞோமே, வேற குடும்பப்பெயர், எங்கட ஃபமிலியா இல்லை எண்டு சொன்னன். சரிதானே?"

சாத்திரியாருக்கு வெட்கமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிள்ளையில் பிழை இல்லை. ஸ்ரெல்லாவின் கடையில் முன்னுக்கு நின்று அதை ஒப்புக்கொண்டவர் அவரே.

"அம்மாட்டைச் சொல்லு," என்றார், "நான் வாறன், நிண்டுகொள்ளுங்கோ எண்டு."

அன்றைக்கே மத்திய ரயில் நிலையத்துக்கு ஓடினார். ரிக்கெற் பெடியன் கேட்டான், "பாஸ்? சலுகை அட்டை?"

"ஒன்றுமில்லை. இன்தேரோ. முழு ரிக்கெற்."

பெடியன் திரையைப் பார்த்தான். நல்ல பிள்ளை. "இன்றைக்கு மிகவும் விலை. நாளைக் காலை ரயிலில் இதில் பாதிதான். ஒரு நாள் பொறுங்களேன்."

சாத்திரியார் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த வார்த்தை அது. ஒரு கணம் கை பின்னுக்குப் போனது. பிறகு காசை முன்னுக்குத் தள்ளினார்.

"நான் முழு விசரன், தம்பி," என்றார் தமிழில்.

"என்ன சொன்னீர்கள்?" என்றான் அவன்.

"இன்தேரோ என்று சொன்னேன்."