ஒன்பது மணிக்கு அழும் பிள்ளை

என் மகன் பிறந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளைத் தள்ளிவிட்டால், மீதிப் பத்தொன்பது நாளும் அவன் பகலில் சரியாகக் கண் மூடவில்லை.

இதைச் சொன்னால் கடைக்கு வருகிறவர்கள் சிரித்தார்கள். “பச்சப்புள்ள அழாம பாட்டா பாடும், பாய்?” என்றார்கள். “வூட்டுக்கு வந்து ஒரு பகல் உக்காந்து பாரு, அப்பால பேசு” என்பேன். ஒருத்தனும் வரவில்லை.

ராத்திரியில் அவனைப் போல நல்ல பிள்ளை செங்கல்பட்டு ஜில்லாவிலேயே கிடையாது. குடிப்பான், தூங்குவான், நனைந்தால் சிணுங்குவான், மறுபடி தூங்குவான். விடிந்து குளிப்பாட்டும்போதுகூடச் சமர்த்தாக இருப்பான். சுவர்க்கடிகாரத்தில் ஒன்பது அடித்துக் கொஞ்ச நேரம் போனால் ஆரம்பிக்கும். முதலில் கால் இரண்டையும் உதைப்பான். பிறகு முகம் செம்பருத்தியாகச் சிவக்கும். அதற்குப் பிறகு வருகிற குரல் அந்த உடம்புக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு மணி வரைக்கும் அழுவான். அங்கே நிறுத்துவான். சரியாக ஒரு மணி நேரம் அசந்து கிடப்பான். இரண்டு மணிக்கு மறுபடி பிடித்தால், சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதுதான் ஓய்வான்.

திருக்கழுக்குன்றத்து மலைக்கு உச்சி வேளையில் இரண்டு கழுகு வருவதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஜனம் மூச்சு வாங்க மலையேறுகிறது. இன்ன நேரம் என்று பறவைக்கு யார் சொன்னார்கள் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. என் வீட்டில் ஒரு முழ நீளத்தில் ஒன்று பாயில் படுத்துக்கொண்டு மணி தவறாமல் அழுதுகொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்கு எரிச்சலைவிட பயம் கலந்த ஆச்சரியம்தான் அதிகம் வந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம் காத்திருந்து பிறந்தவன். அக்கா அவனுக்கு ஜெயினுலாபுதீன் என்று பேர் வைத்திருந்தாள். ஆளைவிடப் பேர் நீளம்.

அக்கா என்றால் என் கூடப்பிறந்த உம்மு சல்மா அக்கா. கோவளத்தில் வாழ்க்கைப்பட்டவள். என் பெண்டாட்டி ராபியாவுக்குத் தாய் இல்லாததால் பிள்ளைப்பேறு பார்க்க வந்து இறங்கியிருந்தாள். அவள் வாயைத் திறந்தால் பெற்ற அத்தாவே எழுந்து போய்விடுவார், அப்படிப்பட்ட வாய். நாற்பது நாளைக்கு ராபியா வாசற்படி தாண்டக்கூடாது, பச்சைத் தண்ணீரில் கை வைக்கக்கூடாது, தையல் மெஷின் பக்கமே போகக்கூடாது. “மிஷின் மிதிச்சா வவுறு தொங்கிப்பூடும், ஆமா” என்றாள்.

மெஷின் வீட்டிலேயே இல்லை. அதைக் கிளப்பியவன் நான். பஜாரில் ‘மொய்னு டைலர்’ என்று பலகை மாட்டி நான் சட்டையும் பள்ளிக்கூட யூனிபாரமும் தைக்கிறேன். ராபியா வீட்டு ஜன்னலோரம் தன் மெஷினைப் போட்டுக்கொண்டு, மாமல்லபுரத்துப் பக்கத்துக் குப்பங்களுக்குப் பாவாடையும் ரவிக்கையும் தைப்பாள். டஜன் கணக்கில் போகும். வலி கண்ட அன்றைக்குக்கூடப் பாவாடை மடிப்பில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து நான் செய்த முதல் வேலை, மெஷினை வண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனது. கடகடவென்ற அந்தச் சத்தம் எப்படிப்பட்டது என்று தையல்காரனுக்குத் தெரியாதா? என் பிள்ளையாவது அமைதியாகத் தூங்கட்டும் என்று நினைத்தேன். எதிர்வீட்டில் மிளகாய் இடிப்பதைக்கூடச் சண்டை போட்டு நிறுத்தினேன். ஏழு வருஷம் கழித்துத் தகப்பன் ஆனவன் எவ்வளவு ஆட வேண்டுமோ அவ்வளவு ஆடினேன்.

வீடு பள்ளிவாசல் மாதிரி அமைதியாக இருந்தது. அவன் அழுதான்.

வசம்பைச் சுட்டுத் தடவினோம். ஓமத்தண்ணீர் புகட்டினோம். அக்கா கோவளத்துத் தர்காவிலிருந்து தண்ணீர் வரவழைத்தாள். பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து ஓதி ஊதினார். அவர் ஊதிய ஊதலில் இன்னும் கொஞ்சம் பலமாக அழுதான். “நல்ல தொண்டை, பாங்கு சொல்ற மோதினாருக்கு ஆகும்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்காமலே போய்விட்டார்.

ராபியாதான் நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தாள். பகலில் அவள் தூக்கினால் அவன் முதுகை வில்லாக வளைத்து விலகுவான். மார்பில் வைத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்வான். நான் தூக்கினாலும் அதேதான், அக்கா தூக்கினாலும் அதேதான். ஆனால் அவள் தன் கணக்கை மட்டும்தான் பார்த்தாள்.

“அதுக்கு என்னப் புடிக்கலீங்க” என்றாள் ஒருநாள். “ராத்திரில இருட்டு. யாருன்னு தெரியாம குடிச்சிடுது. பகல்ல மூஞ்சியப் பாத்து அழுவுது.”

“பைத்தியமாடி உனக்கு?” என்று கத்தினேன்.

ஏரிக்கரைப் பக்கம் ஒரு கம்பவுண்டர் இருந்தார். அக்காவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள், நானும் கூடப் போனேன். அவர் பிள்ளையின் வயிற்றை இரண்டு தட்டுத் தட்டினார். “தாய்ப்பால் ஒத்துக்கல. நிறுத்திட்டு டப்பாப் பால் குடுங்க” என்றார். ராத்திரியில் மட்டும் எப்படி ஒத்துக்கொள்கிறது என்று கேட்டேன். அந்தக் கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை. அக்கா எனக்கும் சேர்த்துத் தலையாட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் தீர்மானம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து பால் நிறுத்தம். நான் பவுடர் டப்பா வாங்கி வந்தேன். பாலை வற்ற வைக்க மல்லிகைப் பூவை மார்பில் வைத்து இறுகக் கட்ட வேண்டும், இரண்டு மூன்று நாளில் வற்றிவிடும். வற்றினால் வற்றினதுதான், மறுபடி ஊறாது என்று எல்லோருக்கும் தெரியும். ராபியா சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

“துணிய சும்மா சுத்துனா அவுந்து அவுந்து பூடும்” என்றாள் அக்கா. “நாலு மடிப்புல, பின்னால நாடா வச்சு, கச்சை மாதிரி இறுக்கமா தச்சுக் குடுடா. டெய்லர் வூட்ல இதுக்கா பஞ்சம்?”

இதைக் கடையில் வைத்துத் தைக்க முடியுமா? என் கடைக்கு முன்பக்கம் மொத்தமும் வீதியைப் பார்த்த திறப்பு. முன்னால் பெஞ்சில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டே நான் என்ன தைக்கிறேன் என்று பார்ப்பார்கள். பெண்டாட்டியின் மார்க்கச்சையைப் பஜார் பார்க்கத் தைக்கிறவன் எங்கள் தெருவில் தலைகாட்ட முடியாது. அதனால் வெள்ளிக்கிழமை, கடைக்கு லீவு நாளில், ராபியாவின் மெஷினை மறுபடி வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வழியில் இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன். பூக்காரி “இன்னா பாய், வூட்ல விசேஷமா?” என்று சிரித்தாள். காசைக் கொடுத்துவிட்டு நடந்தேன்.

நான் மெஷினை ஜன்னலோரம் இறக்கும்போது மணி ஒன்பதரை. அவன் ஆரம்பித்துக் கால் மணி ஆகியிருந்தது. அக்கா தோளில் போட்டு உலாத்திக்கொண்டிருந்தாள். ராபியா எழுந்து நின்று கையைத் தூக்கினாள். டேப்பைச் சுற்றி அளவெடுத்தேன். டேப்பின்மேல் ஒரு சொட்டு விழுந்தது. அது கண்ணீரா பாலா என்று நான் பார்க்கவில்லை.

மல்துணியை நாலாக மடித்து ஊசிக்கடியில் வைத்தேன். சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளுத் தள்ளி மிதித்தேன்.

கடகடகடவென்று ஒரு சாண் ஓடியது. எனக்கு ஏதோ காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. மெஷின் சத்தம் கேட்டது, வேறு எதுவும் கேட்கவில்லை. காலை எடுத்தேன். மெஷின் நின்றது. அப்போதுதான் புரிந்தது, அழுகையும் நின்றிருந்தது.

அக்கா அசையாமல் நின்றாள். அவள் தோளில் அவன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். வாய் பாதி திறந்திருந்தது. இரண்டு மூச்சு விட்டான். பிறகு உதடு பிதுங்கியது, மறுபடி அழுகை.

மிதித்தேன். நின்றது. நிறுத்தினேன். அழுதான். மிதித்தேன். நின்றது.

“யா அல்லா” என்றாள் அக்கா. “இன்னாடா இது?”

என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஒன்பது மணிக்கு நான் கடைக்குக் கிளம்பினதும் ராபியா மெஷினில் உட்காருவாள், எனக்கு லீவான வெள்ளிக்கிழமையும் அதே நேரம்தான். ஒரு மணிக்கு எழுந்து சாப்பிட்டு லுஹர் தொழுவாள். இரண்டு மணிக்கு மறுபடி உட்கார்ந்தால் அஸருக்குத்தான் எழுந்திருப்பாள். ஏழு வருஷமாக எனக்குத் தெரிந்த கணக்கு இது. இருபது நாளாகக் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேனே, ஒரு தடவையாவது இரண்டையும் சேர்த்துப் பார்த்தேனா? வயிற்றுக்குள் இருட்டில் கிடந்தவனுக்கு அந்தச் சத்தம்தான் பகல். அதைத்தான் நான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். போதாததற்கு ஹஜ்ரத்தைக் கூப்பிட்டு ஊதச் சொல்லியிருக்கிறேன். என்னைப் போல ஒரு மடையன் உண்டா?

“மிதிடா, நிறுத்தாத!” என்றாள் அக்கா.

மிதித்தேன். கச்சை மறந்துபோய், துணி எங்கே போகிறதென்று பார்க்காமல் மிதித்தேன். அழவில்லைதான். ஆனால் தூங்கவும் இல்லை. கண்ணை அகல விழித்துக்கொண்டு எதற்கோ காத்திருக்கிற மாதிரி கிடந்தான். கால் மணி நேரம் போயிற்று. கால் வலித்தது. அவன் மறுபடி நெளிய ஆரம்பித்தான்.

“நகருங்க” என்றாள் ராபியா.

நான் திரும்பிப் பார்த்தேன். பாயிலிருந்து எழுந்து என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“ஏய், நாப்பது ஆவலடி!” என்று அக்கா பதறினாள். “வவுத்து ரணம் ஆறல. உக்காராத, சொல்றேன்!”

ராபியா அக்காவின் பேச்சைத் தட்டி நான் பார்த்ததில்லை. அன்றைக்குக் காதிலேயே வாங்கவில்லை. நான் எழுந்தேன். அவள் உட்கார்ந்து, செருப்பில்லாத காலை மிதியின்மேல் வைத்தாள்.

அவள் மிதிப்பது என்னைப் போல இல்லை. நான் ஓட்டினால் ஒரே ஓட்டமாகப் போகும். அவள் ஒரு சாண் ஓட்டுவாள், நிறுத்துவாள், மூச்சு வாங்குவாள், மறுபடி ஒரு சாண். வயிறு பெரிதானபிறகு வந்த பழக்கம் அது. “நொண்டி மாடு வண்டி இழுக்கிற மாதிரி மிதிக்கிறியே, தையல் எப்டி நேரா வரும்?” என்று எத்தனை நாள் கேலி செய்திருக்கிறேன். இப்போது வயிறு இல்லை. ஆனாலும் கால் அந்தப் பழக்கத்திலேயே போயிற்று. ஒரு சாண். நிறுத்தம். ஒரு சாண். நிறுத்தம்.

முதல் நிறுத்தத்தில் அவன் அழுவான் என்று நானும் அக்காவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அழவில்லை. அடுத்தது வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவது நிறுத்தத்தில் பெரிய மனிதன் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டான். மூடியிருந்த கைவிரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. நாலாவது நிறுத்தத்தில் தலை அக்காவின் கழுத்தில் சாய்ந்துவிட்டது.

செங்கல்பட்டில் அன்றைக்கு வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தெருவில் வண்டி போனது, எவனோ பாத்திரத்துக்கு ஈயம் பூச வேண்டுமா என்று கத்திக்கொண்டு போனான். பட்டப்பகலில் என் மகன் தூங்கினான். நான் அல்லாவை நினைத்தேன். கண்ணே திறக்காத ஒன்றுக்கு ஒரு காலின் நடையைக் கற்றுக் கொடுத்தவன் வேறு யார்? பயமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

ராபியா கொஞ்ச நேரம் போனபிறகு காலை எடுத்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. அவள் இரண்டு கையையும் நீட்டினாள். நாற்பது நாள் சட்டம் பேசுகிற அக்கா வாயைத் திறக்காமல் வந்து பிள்ளையை அந்தக் கையில் வைத்தாள். தூக்கத்திலேயே அவன் முகத்தைத் திருப்பித் தேடி, தானாகவே மார்பைப் பிடித்துக்கொண்டு குடிக்க ஆரம்பித்தான். அறையில் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

ராபியா குனிந்து அவனையே பார்த்தாள். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

“அடப்பாவி” என்றாள் அவனிடம். “இத்தினி நாளா என் மடியிலயே படுத்துகினு என்னத்தான் தேடிகினு இருந்தியாடா?”