இளவரசனுக்குச் சோறு கொண்டுபோனது யார்?

கராம்பு தரம் பிரித்துத் தெரிக்கிற வேலைக்குக் கை போதும். வாய் சும்மாதான் கிடக்கும். அதனால் எங்கள் ஸ்டோரில் கதை ஓடியது.

மலைநாட்டுப் பட்டணத்தில், மஹய்யாவைக்குக் கீழே, லொறி கராஜுக்குப் பக்கத்தில் இருந்தது அந்த ஸ்டோர். நாலு பொம்பளைகள் சாக்கை விரித்து உட்கார்ந்து, சுளகில் கராம்பைக் கொட்டி, காம்பையும் தலை உதிர்ந்ததையும் பொறுக்கித் தள்ளுவோம். நான் நாவல் வாசித்துவிட்டு வந்து சொல்லுவேன். கதை சொல்லுகிறவளுக்குக் கை தேங்கும். பொழுதுபட்டு நிறுக்கும்போது குறையக் கூடாது என்று மற்ற மூன்று பேரும் என் குவியலிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி அள்ளித் தெரித்து என் கணக்கில் போடுவார்கள். கதைக்கூலி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம்.

நாவல்களை மஹ்மூத் நானாவின் பழைய புத்தகக் கடையில் வாடகைக்கு எடுப்பேன். முன்பெல்லாம் குடும்பக் கதைகள்தான். பட்டணத்தில் குண்டு வெடித்த அந்த வருஷம் சென்னையிலிருந்து வந்ததெல்லாம் மந்திர ராஜ்யம், இல்லாவிட்டால் காதல். சிலதில் இரண்டையும் சேர்த்துப் பிசைந்து வைத்திருந்தார்கள்.

எனக்கு அந்த நாவல்கள் மேல் நம்பிக்கை கிடையாது. புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் கூடை சுமந்து மலை ஏறின கால் என்னுடையது. கதாநாயகி மலை உச்சிக்கு ஓடுகிறாள், மூச்சு வாங்கவில்லை, அட்டை கடிக்கவில்லை என்றால், எழுதினவன் மலையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். குதிரை இரவு பகலாக ஓடும், தண்ணி குடிக்காது. காதலிக்கிறவன் என்ன தொழில் செய்கிறான் என்று எந்தப் பக்கத்திலும் இருக்காது. அரண்மனையில் ஆயிரம் விளக்கு எரியும். எண்ணெய் ஊற்றினவளைப் பற்றி ஒரு வரி வராது. ஆனாலும் வாசித்தேன். கதையைச் சொல்லி, குறையையும் சேர்த்தே சொல்லுவேன். குறைக்குத்தான் என் பக்கத்தில் இருக்கிற றமீஸா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அன்றைக்குச் சொன்னது ஒரு இளவரசன் கதை. பாதாளச் சிறையில் அவனை அடைத்து வைத்திருக்கிறார்கள். மந்திரக்காரியின் மகளுக்கு அவன் மேல் காதல்.

"பன்னெண்டு வருசம் உள்ள கெடந்தவன், வெளிய வரயில தாடி மழிச்சி, பட்டு உடுத்தி வர்றானாம்" என்றேன்.

"அந்த ஜெயிலுக்குள்ள சலூன் ஈக்கும் போல" என்றாள் றமீஸா. "எங்கட மனிசன் வெளியில ஈக்கக்குள்ளயே ஷேவ் எடுக்க மாட்டாரு."

எல்லாரும் சிரித்தோம். திரேசா மட்டும் சிரிக்கவில்லை. அவள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஸ்டோருக்குப் புதுசு. குண்டசாலையில் யாரோ வீட்டின் பின்னறையில் இருந்தாள். வாய் திறப்பது அபூர்வம். அன்றைக்குத் திறந்தாள்.

"ரத்தினம்மா அக்கா, அவனுக்குச் சோறு ஆர் கொண்டுபோனது?"

"அதெல்லாம் எழுதல புள்ள."

"அவள் பாக்கப் போகேக்கை வாசல்ல எத்தினை பேர் காவலுக்கு நிண்டவங்கள்? உள்ளுக்கை விட்டவங்களோ?"

"அவ பூனையா மாறிப் போயிட்டா."

"பூனையாவோ" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள்.

எங்களில் மூத்தவள் நல்லம்மா. அவள் கை சுளகிலேயே நின்றுவிட்டது.

மத்தியானம் திரேசா கை கழுவப் பைப்படிக்குப் போனதும் நல்லம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டியா? காவலுக்கு எத்தன பேருன்னு கேக்குறா. கத கேக்குறவ கேக்குற கேள்வியா அது?"

நல்லம்மாவைக் குறை சொல்ல முடியாது. குண்டு வெடித்த பிறகு நடந்த சுற்றிவளைப்பில் அவள் மகனைக் கொண்டுபோனார்கள். பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த எவனோ ஒருத்தனைத் தெரியும் என்பதற்காக. திரும்பி வந்தவன் இப்போதும் கதவு தட்டினால் எழும்பி நிற்பான்.

எனக்கும் மனசு சரியில்லை. திரேசா ஒவ்வொரு வியாழக்கிழமையும் மத்தியானத்தோடு போய்விடுவாள். கேட்டால் கோயில் என்பாள். துணி போட்டு மூடின பை ஒன்றைக் காலையிலேயே கொண்டுவந்து மூலையில் வைப்பாள். அந்த நாவல்களில் குறைவாகப் பேசுகிறவளும் பையை மூடிக்கொண்டு போகிறவளும் எப்போதும் ஒற்று வேலைக்காரிதான். குதிரைக்குத் தண்ணி காட்டத் தெரியாதவன் எழுதினது என்று தெரிந்தும், அது என் மனசில் ஒட்டிக்கொண்டது.

"முதலாளிகிட்ட காலையிலேயே பேசணும்னு சொல்லி வச்சிட்டேன்" என்றாள் நல்லம்மா. "சோறு தின்னுட்டு வருவாரு. சொல்லிடறேன். அவரு பொலிசுக்குச் சொல்லட்டும். நம்ம தல தப்பும்."

"அல்லாவே, அந்தப் புள்ள ஒண்டும் செய்யாட்டி?"

"செய்யலன்னா விட்டுருவாங்க."

"உங்கட மகன உட்டாங்களே, அப்பிடியா?" என்று றமீஸா கேட்டாள்.

நல்லம்மா அவளை முறைத்தாள்.

"மொதல்ல நான் கேக்குறேன்" என்றேன். "மூஞ்சிக்கு நேரா. அப்புறமா சொல்லு."

திரேசா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"வியாழக்கிழம எங்க போற? கோயில்னு சொல்லாத."

எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு சாக்கில் உட்கார்ந்தாள்.

"போகம்பறைக்கு" என்றாள். "என்ரை மனுசன் அங்க சிறையில. வவுனியாவில பிடிச்சு இஞ்ச கொண்டந்தவங்கள். இன்னும் கேஸ் போடேல்ல. வெளியில சொன்னா ஆர் எனக்கு வேலை தருவினம்? சோறு கொண்டுபோறன். சில கிழமை ஆளைப் பாக்க விடுவினம். சில கிழமை சோத்தை மட்டும் வாங்குவினம்."

லொறி கராஜில் யாரோ தகரத்தை அடித்துக்கொண்டிருந்தான். நல்லம்மா எட்டி வாசலைப் பார்த்தாள்.

"நான் நெனச்சதவிட இது மோசம்" என்றாள் நல்லம்மா மெதுவாக.

அவள் சொன்னது சரி. அதுவரை எங்களிடம் இருந்தது வெறும் சந்தேகம். நாளைக்கு யாராவது வந்து கேட்டால், எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று இனிமேல் சொல்ல முடியாது.

"நான் இண்டையோட வேலையை விட்டு நிக்கிறன் அக்கா" என்று திரேசா எழும்பிப் பாவாடையைத் தட்டினாள்.

"நின்னுட்டு எங்க போவ?" என்றேன்.

"வேலை இல்லையெண்டா அறைக்காரம்மா வைச்சிருக்க மாட்டா. விலாசம் இல்லையெண்டா பொலிஸ் பதிவும் இல்லை, இஞ்ச தங்கேலாது. ஊருக்குத்தான் திரும்பிப் போகோணும்." சுளகைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். "பிறகு அவருக்கு ஒருத்தரும் இல்லை."

வாசலில் செருப்புச் சத்தம். பண்டார முதலாளி பல்லுக் குத்திக்கொண்டே உள்ளே வந்தார். அவர் பேசுவது சிங்களவர் தமிழ்.

"என்ன நல்லம்மா? காலையில பேச இருக்கு சொன்னதுதானே?"

றமீஸா கராம்பைக் கிளறுகிற மாதிரிக் குனிந்துகொண்டாள். நான் நல்லம்மாவின் வாயையே பார்த்தேன்.

"ஆமாங்க முதலாளி. இந்தத் திரேசாப் புள்ளைக்கு வியாழக்கிழம வியாழக்கிழம கிளினிக்கு. பொம்பள வருத்தம். லீவு கேக்க வெக்கப்படுது. அதான் நான் கேக்கலாம்னு."

முதலாளி பல்குச்சியை எடுத்தார். "முந்தி கோயில் சொன்னதே?"

"கிளினிக்கு முடிஞ்சு கோயிலுக்கு. நோய்க்காரி சாமி கும்புட மாட்டாளா?"

வாழ்க்கையில் ஒரு கதை சொல்லியிராத பொம்பளை அவள். அவசரத்தில் கட்டினாலும் என் நாவல்காரர்களைவிட நன்றாகத்தான் கட்டினாள். ஆனால் முதலாளியும் லேசுப்பட்ட வாசகர் இல்லை.

"பொலிஸ் வந்து கேட்டா நான் என்ன சொல்றது? இந்தப் பொண்ண யாருக்கு நல்லாத் தெரியும்?"

பேசாமல் இருந்தால் அந்த இடத்திலேயே எல்லாம் முடிந்துவிடும்.

"எனக்குத் தெரியும் முதலாளி" என்றேன்.

"சரி. கேட்டா ரத்தினம்மா பேர்தான் சொல்லுவேன்" என்று எல்லாரையும் இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் திரேசா நல்லம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள். நல்லம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

"ரொம்பக் குழையாத. நான் இன்னும் உன்னை நம்பல. வர்ற வியாழக்கிழம ரத்தினம்மா உன் கூட வருவா. வாசல் வரைக்கும் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லட்டும்."

"வரட்டும்" என்றாள் திரேசா.

வியாழக்கிழமை சிறை மதிலோரம் பொம்பளைகள் வரிசையில் நின்றார்கள். சிங்களப் பொம்பளைகள், எங்கள் மலைநாட்டு ஆட்கள், யாழ்ப்பாணத்து ஆட்கள். வெயிலில் எல்லார் மூஞ்சியும் ஒன்றுபோலத்தான் இருந்தது. நான் திரேசாவின் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யாரோடாவது பேசுகிறாளா, எதையாவது மாற்றுகிறாளா என்று பார்த்தேன். அவள் சோற்றுப் பார்சலை வெயில் படாமல் துணியால் மூடிப் பிடித்திருந்தாள். அவ்வளவுதான்.

கதவடியில் காவலாளி பார்சலைப் பிரித்தான். சோற்றைக் கரண்டியால் கிளறினான். கருவாட்டுத் துண்டை இரண்டாக முறித்துப் பார்த்தான். யாருக்கு என்று கேட்டான்.

"பாலேந்திரன்" என்றாள் திரேசா. உள்ளே யாரிடமோ கேட்டுவிட்டு, சரி, இன்றைக்குப் பார்க்கலாம் என்று தலையாட்டினான்.

எனக்கு அது போதும். நல்லம்மாவுக்குச் சொல்லவும் போதும். திரும்பலாம் என்று காலை எடுத்தேன்.

"நீ யார்?" என்று காவலாளி சிங்களத்தில் கேட்டு, அடையாள அட்டைக்காகக் கையை நீட்டினான்.

சும்மா கூட வந்தேன் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால், சும்மா எதற்கு வந்தாய் என்று கேட்பான். திரேசாவைத் திருப்பி நிறுத்திவிட்டு அவளிடமும் கேட்பான். அட்டையைக் கொடுத்தால் என் பெயரும் இந்தக் கதவடிப் பதிவில் விழும். அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தாள்.

"இவளோட அக்கா" என்றேன். அட்டையைக் கொடுத்தேன்.

அட்டையில் இருந்த தோட்டத்து விலாசத்தை வாசித்தான். அவள் அட்டையையும் வாங்கிப் பார்த்தான், அதில் யாழ்ப்பாணத்து விலாசம். என் மூஞ்சியையும் அவள் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் நம்பவில்லை. ஆனாலும் கதவைத் திறந்தான்.