முதுகுவலியைப் பற்றிப் பதினோரு பக்கம்

என் மருமகன் நாற்காலி செய்யும் நிறுவனம் ஒன்றில் விற்பனைப் பிரிவில் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. காப்பீட்டு அலுவலகம் ஒன்று தன் பழைய நாற்காலிகள் அனைத்தையும் மாற்றப் போவதாக முதலாளிக்குச் செய்தி வந்தது. அந்த ஆர்டரைப் பிடித்தால் வேலை நிரந்தரம், பிடிக்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் மருமகனிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

“அதுக்கு ஒரு வொயிட் பேப்பர் எழுதணும் மாமா” என்று மருமகன் என்னிடம் வந்தார்.

“அப்படின்னா?”

“பார்த்தா விளம்பரம் மாதிரி இருக்கக் கூடாது. ஆராய்ச்சி மாதிரி இருக்கணும். ஆனா படிச்சு முடிச்சவங்க நம்மகிட்டதான் வாங்கணும்.”

“அதாவது, தரகர் மூக்குக்கண்ணாடி மாட்டிக்கிட்டு பேராசிரியர் மாதிரி வரணும்.”

“கரெக்ட் மாமா! அதேதான்!”

நான் வைததை அவர் வரையறையாக எடுத்துக்கொண்டார். இந்தத் தலைமுறையிடம் கிண்டல்கூடச் செல்லுபடியாவதில்லை.

அவர் எழுதி வைத்திருந்த வரைவைப் படித்தேன். முதல் பக்கத்தில் முதலாளியின் படம். இரண்டாம் பக்கத்தில் முதலாளியுடைய தந்தையின் படம். ‘உலகத்தரம்’ என்னும் சொல் பக்கத்துக்குப் பக்கம் பல்லிளித்தது. ஒருமையில் பிறந்த எழுவாய்கள் பன்மையில் மாண்டன. முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திய எனக்கு இரத்தம் கொதித்தது.

“மாப்பிள்ளை, வாங்கப் போறவங்களுக்கு உங்க முதலாளி மூஞ்சி எதுக்கு? அவங்களுக்கு எங்க வலிக்குதுன்னு சொல்லுங்க முதல்ல.”

“முதுகுதான் மாமா. நாற்காலின்னா வேற எங்க வலிக்கும்? ஒன்பதாம் பக்கத்துல ஒரு வரி இருக்கு பாருங்க.”

அந்த ஒரு வரியைத்தான் நான் பதினோரு பக்கங்களாக விரித்து எழுதினேன். தற்பெருமை எனக்குப் பிடிக்காது, ஆயினும், ‘காலையில் அமர்பவர் நாம், மாலையில் எழுவது நம்மில் மிஞ்சியது’ என்ற தொடக்கத்தை இன்றைய நாளிதழ்க்காரர்கள் எவராலும் எழுத முடியாது. தண்டுவடம், கழுத்து, இடுப்பு, செரிமானம், தூக்கம் என்று ஒவ்வொன்றாகக் கூண்டிலேற்றினேன். நிறுவனத்தின் நாற்காலிக்குக் கடைசியில் அரைப் பக்கம் ஒதுக்கினேன். விற்கும் பொருளைப் பற்றி அதற்கு மேல் பேசுவது பண்பன்று.

முதலாளி படித்துவிட்டு, “பிரமாதம்!” என்று அன்றே அனுப்பிவிட்டார். வீட்டிலோ என் மகள் அதைப் படித்த நாள்முதல் சமையலறை மேடையோரம் நின்றபடியே சாப்பிட்டாள்.

“என்னங்க, உக்காந்தா உசிரு போயிரும்னு எழுதி வச்சிருக்கீங்களா?” என்று என் மனைவி கேட்டாள். “உங்க பொண்ணு டிவியைக்கூட நின்னுக்கிட்டே பார்க்கிறா.”

“எழுத்துன்னா அப்படி இருக்கணும்” என்றேன்.

இரண்டு வாரம் கழித்து மருமகன் முகம் வெளுத்து வந்து நின்றார். காப்பீட்டு அலுவலகத்தின் நிர்வாகத் தலைவி என் அறிக்கையைப் படித்துத் தெளிவடைந்துவிட்டாராம். இனி அங்கே எவருக்கும் நாற்காலியே வேண்டாம், நின்று வேலை செய்ய உயரமான மேசைகள் போதும் என்பது அவர் முடிவாம். நன்றி சொல்வதற்காக மறுநாள் நேரிலேயே வருகிறாராம்.

“கடைசி அரைப் பக்கத்தை அந்தம்மா படிக்கலையா?” என்றேன்.

“அதுவரைக்கும் உக்காந்து படிக்க அவங்களுக்கு தைரியம் வரலையாம் மாமா! நீங்க வச்ச தீ, நீங்களே வந்து அணைங்க.”

மறுநாள் நிறுவனத்தின் காட்சிக்கூடத்துக்குப் போனேன். சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். ஒன்றிலும் ஆள் இல்லை. நிர்வாகத் தலைவி நடுவில் நின்றார். அவர் நிற்பதால் முதலாளியும் நின்றார். முதலாளி நிற்பதால் மருமகனும் நின்றார். மூட்டுவலிக்காரனான என்னை உட்காரச் சொல்ல அங்கே நாதியில்லை.

“நீங்கதான் எழுதினதா சார்? என் கண்ணைத் திறந்துட்டீங்க” என்றார் தலைவி. சொல்லிக்கொண்டே உடலின் பாரத்தை இடக்காலிலிருந்து வலக்காலுக்கு மாற்றினார்.

முதலாளி பதறி, “எங்க நாற்காலியில அந்தப் பிரச்சினை எதுவுமே வராது மேடம்” என்றார்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. பக்கம் நாலுல சார் அதையும் எழுதியிருக்காரே.”

எழுதியிருந்தேன்தான். முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கப் போவதில்லை.

அப்போது மருமகன் வாய் திறந்தார். மனப்பாடம் செய்து வந்த விற்பனைப் பேச்சு மறந்துபோய்விட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

“மேடம், உங்க ஆபீஸ்ல யாருக்கு முதுகுவலி?”

தலைவி யோசித்தார். “யாருக்கும் இல்லையே.”

“அப்ப ஏன் நாற்காலி மாத்தணும்னு நினைச்சீங்க?”

“சத்தம்ப்பா, சத்தம்! ஒரு ஹால் முழுக்க ஆளுங்க போன்ல பேசிக்கிட்டே இருப்பாங்க. கொஞ்சம் அசைஞ்சா போதும், கிறீச்! ‘அங்க யாரும்மா அழறது?’ன்னு கஸ்டமர் கேக்கிறாங்க. புருஷன் போன துக்கத்துல பாலிசி பணம் கேட்டு ஒருத்தங்க பேசறாங்க, இங்க பின்னால கிறீச், கிறீச். என்ன நினைப்பாங்க?”

கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். அதுவரை எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

“இது சத்தம் போடுமா?” என்று தலைவி அருகிலிருந்த நாற்காலியைக் காட்டினார்.

முதலாளிக்குத் தெரியவில்லை, முதுகைத் தவிர வேறெதையும் அவர் சோதித்ததில்லை. மருமகன் என் பக்கம் திரும்பினார். “மாமா, உக்காருங்க” என்றார்.

இதற்காகத்தானே காத்திருந்தேன்! அமர்ந்தேன். சாய்ந்தேன். இப்பக்கமும் அப்பக்கமும் சுழன்றேன். மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு காதைத் தீட்டினார்கள். ‘கடக்’ என்றொரு சத்தம் எழுந்தது.

மருமகன் கண்களை மூடிக்கொண்டார்.

“அது நாற்காலி இல்ல மாப்பிள்ளை. என் முழங்கால்.”

“இன்னொரு தடவை ஆடுங்க சார், காலை அசைக்காம” என்றார் தலைவி. ஆடினேன். ஓசையே இல்லை. அவர் சற்று நேரம் தயங்கிப் பின் பக்கத்து நாற்காலியில் தாமும் அமர்ந்தார். அமர்ந்ததும் அவர் விட்ட பெருமூச்சு இருக்கிறதே, அதை என்னாலும் எழுத இயலாது.

“சரி, எடுத்துக்கறேன். ஆனா எங்க இயக்குநருங்க எல்லாரும் சாரோட அறிக்கையைப் படிச்சுட்டு நின்னுக்கிட்டு இருக்காங்க. அவங்களை உக்கார வைக்க வேற ஒண்ணு எழுதிக் குடுங்க. ஒரே பக்கம். சத்தத்தைப் பத்தி மட்டும்.”

மருமகன் தலைவியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு அங்கேயே எழுதினார். எத்தனை பேர் போனில் பேசுகிறார்கள், வாடிக்கையாளர்கள் என்ன சொல்கிறார்கள், எந்த நாற்காலி மோசம். படிக்கப் போகிறவரிடமே கேட்டு எழுதுவதா! அது கட்டுரையா, வாக்குமூலமா? தலைவி படித்துப் பார்த்து, “இதான் எங்க ஆபீஸ்” என்றார்.

அவர் போனபின் முதலாளி மருமகனின் தோளில் தட்டினார். “வேலை நிரந்தரம். ஒரே ஒரு நிபந்தனை. இனிமே நீ எழுதறது எதையும் உங்க மாமா தொடக் கூடாது.”

பதினோரு பக்கம் எழுதியவனுக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள். கண்டனம் தெரிவிப்பதற்காக எழுந்திருக்கத்தான் முனைந்தேன். நாற்காலி அவ்வளவு சுகமாக இருந்தது, அமர்ந்தபடியே தெரிவித்தேன்.