செண்பகத்துக்குப் பின்னால் ஒரு குரல்

“கீரேய்... மொளக்கீரை, அரைக்கீரேய்!”

சமையலறையிலிருந்து நீரஜா பையும் கையுமாகப் பாய்ந்து வந்தாள். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். மயிலாப்பூரின் அந்தச் சின்னச் சந்தில் ஒரு ஸ்கூட்டரும் அதன் சீட்டில் படுத்திருந்த பூனையும்தான் இருந்தன.

“ஏன்னா, அம்மாசி குரல் கேட்டுதே? ஆளைக் காணோம்!”

வேதாந்தத்தின் கையில் ரிமோட். டி.வி.யில் அவர் படமெடுத்து வந்த இலங்கைக் காடு. மூங்கில் புதரிலிருந்து தலையை நீட்டிய பச்சை அலகுச் செண்பகப் பறவை ஒன்று அப்படியே உறைந்து நின்றது. அவர்தான் படத்தை நிறுத்தியிருந்தார்.

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. அவ வரவே மாட்டாளே...” நீரஜா டி.வி.யைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். “அதைத் திரும்பப் போடுங்கோ.”

“அடையாறுல ஆறு மணிக்கு இதைப் போட்டுக் காட்டணும். நாழியாயிடுத்து, நீரஜா.”

“போடுங்கோன்னேன்.”

போட்டார். ஊப்... ஊப்... என்று செண்பகக் குரல். அதற்கடியில், தூரத்தில், சந்தேகத்துக்கே இடமில்லாமல், “கீரேய்...”

கூப்பிடு தூரத்தில் ஒரு குடிசைகூட இல்லாத காடு. அங்கே அம்மாசி எப்படிப் போனாள்?

வேதாந்தத்துக்குப் புரிந்துவிட்டது. இலங்கைக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, இதே கூடத்தில், லேப்டாப்பில் செண்பகத்தின் குரலை ஓடவிட்டுச் செல்போனில் பதிவு செய்தார். ஜன்னல் திறந்திருந்தது. தெருவில் அம்மாசி போய்க்கொண்டிருந்தாள்.

கூடு கட்டும் மாதங்களில் அந்தக் காட்டில் பறவைக் குரலை ஒலிக்கவிடக் கூடாது. “எதிரி வந்துருச்சுன்னு கூட்ட விட்டு எறங்கிரும் ஐயா. அந்த நேரத்துல பாம்பு வந்துச்சுன்னா முட்டை போச்சு” என்று வழிகாட்டி தங்கவேல் முதல் நாளே சொல்லியிருந்தான். மூன்று நாள் மழையில் நடந்தும் இறகுகூடக் கண்ணில் படவில்லை. கடைசி நாள், கூட வந்தவர்களை முன்னால் போகவிட்டு, வேதாந்தம் பைக்குள் இருந்த குட்டி ஸ்பீக்கரில் அந்தப் பதிவை ஓடவிட்டார். இரண்டே நிமிடம். செண்பகம் வந்தது.

பின்னாலேயே வனக்காவலரும் வந்தார். நேராகப் போய்த் தங்கவேலின் கையைப் பிடித்தார். வந்தவர்களைக் குளிர்விக்க வழிகாட்டிகள்தானே இந்த வேலையைச் செய்வார்கள்! “நான் இல்லீங்க” என்றான் தங்கவேல். வேதாந்தம் அப்போது குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

“தங்கவேல்னா... நேக்குத் தேயிலை குடுத்தனுப்பினவனா?” என்றாள் நீரஜா, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

அவர் செல்போனை நீட்டினார். வியாழக்கிழமை தங்கவேலிடமிருந்து வந்த குரல் செய்தி: “ஐயா, திங்கக்கெழம விசாரணங்க. நான் செய்யலன்னு ரெண்டு வரி எழுதித் தந்தாப் போதும். இல்லாட்டி என் அனுமதி அட்டைய வாங்கிருவாங்க. எனக்கு வேற தொழில் தெரியாதுங்க.”

இரண்டு வரி எழுதலாம். அப்புறம், செய்தது யார் என்று கேட்பார்களே? மூன்று நாளாக அவர் பதில் போடவில்லை.

“சத்தத்தை அமுக்கிட்டுப் போட்டுட்டா, ஒருத்தருக்கும் தெரியாது. இல்லையோ?”

அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்ததை வார்த்தை பிசகாமல் சொல்லிவிட்டு, நீரஜா பையை ஆணியில் மாட்டினாள். உள்ளே போனாள்.

அடையாறு பறவைக் கழகத்தில் அன்று கூட்டம் அலைமோதியது. புரொஜெக்டர் பக்கத்தில் ஜான்சன். விடியற்காலை மீன் ஏலம், மாலையில் கழுத்தில் பைனாகுலர் என்று வாழ்கிற ஊரூர் குப்பத்துக்காரர்.

படம் சத்தமில்லாமல் ஓடியது. செண்பகம் தலை நீட்டியதும் கைதட்டல் பொரிந்தது. வேதாந்தம் கும்பிட்டார்.

“சார், சவுண்டு ம்யூட்ல கீது. ஏத்தவா?”

வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் அவர் கண் முன்னால் யாரோ குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ஏத்து, ஜான்சன். முதல்லேர்ந்து போடு.”

ஊப்... ஊப்... “கீரேய்!”

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. “இன்னா சார், சிலோன் காட்டுல கீரை விக்கிறாங்களா?” என்றார் ஜான்சன்.

வேதாந்தம் மைக்கை எடுத்தார். “அது எங்காத்து வாசல்ல கீரை விக்கறவ. என் பைக்குள்ள இருந்த ஸ்பீக்கர்லேர்ந்து கூவறா. நான்தான் குரலைப் போட்டு அந்தப் பறவையை வரவழைச்சேன். பழியை வழிகாட்டி மேல போட்டுட்டு வந்துட்டேன்.”

சிரிப்பு முன்வரிசையில் முதலில் நின்றது. கடைசி வரிசையில் யாரோ இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அதுவும் நின்றது.

“கூட்டுல முட்டை இருந்திச்சா சார்?” ஜான்சன் குரலில் இப்போது கேலி இல்லை.

“பாக்கலை. பறவையை மட்டும்தான் பாத்தேன்.”

வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து, நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டுப் படம் எடுத்தார். வீடியோவையும் சேர்த்துத் தங்கவேலுக்கு அனுப்பினார். பத்தே நிமிடத்தில் பதில் வந்தது.

“அந்தம்மா குரல் எனக்கு அன்னைக்கே கேட்டுச்சுங்க ஐயா. விருந்தாளியக் காட்டிக் குடுக்க மனசு வரல. நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். நாளைக்கு இத காட்டுறேன். ரொம்ப நன்றிங்க.”

அந்த நன்றி அவரைச் சுட்டது. ஒரு வரி தட்டினார்.

“கூடு என்ன ஆச்சு, தங்கவேல்?”

படித்துவிட்டான் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீல டிக் விழுந்தது. தங்கவேல் எழுதுகிறான் என்று திரை காட்டியது. மறைந்தது. மறுபடி காட்டியது.

மறைந்தது.