படம் நின்றுபோகும் இடம்

இந்தக் கம்ப்யூட்டருக்கு என்மேல் என்ன கோபமோ தெரியாது. வாரம் முழுக்கச் சாதுவாக இருக்கும். மகள் கூப்பிடுகிற ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், சண்டித்தனம் ஆரம்பித்துவிடும். அதிலும் நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்கிற நேரம் பார்த்துப் படம் நின்றுபோகும்.

கேள்வி ஒன்றும் பெரிதில்லை. "நான் அங்கேயே வந்து உங்களோட இருந்துடட்டுமா, பாப்பா?" அவ்வளவுதான். அவள் அம்மா போன பிறகு இந்த வீட்டில் நான் ஒரே ஆள். சமைத்தால் மிஞ்சுகிறது, சமைக்காவிட்டால் பசிக்கிறது. பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் குக்கரைத் திட்டிக்கொண்டு திரிகிறேன். என்னால் தனியாக இருக்க முடியவில்லை. இதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சொல்ல வேண்டியவளிடம் சொல்ல விடாமல்தான் இந்தப் பெட்டி என் உயிரை வாங்கியது.

முதல் தடவை நான் வாயெடுத்ததுமே எல்லாம் உறைந்துபோனது. அடுத்த தடவை கேள்வி முழுசாகப் போய்ச் சேர்ந்தது, பதில்தான் வரவில்லை. வாய் பாதி திறந்தபடி பாப்பா அப்படியே நின்றுவிட்டாள். அதற்கப்புறமும் அதே கதைதான். போனில் கேட்டுவிடலாமே என்பீர்கள். என்னிடம் இருப்பது பட்டன் போன், அதில் குரல் மட்டும்தான் வரும். இதையெல்லாம் முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். "சரிப்பா, வாங்க" என்று சொல்லும்போது அவள் முகம் எப்படி இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டாமா?

மெமரி போதவில்லை, கூட்டிப் போட்டால் சரியாகிவிடும் என்று எங்கள் தெருக் கம்ப்யூட்டர் கடைக்காரி சொன்னாள். தெருவே அவளை மதர்போர்டு அக்கா என்றுதான் கூப்பிடும். பெட்டியைக் கொண்டுவாருங்கள், நானே போட்டுத் தருகிறேன் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன் நான். ஆள் நிறைந்த கூண்டையே அந்தரத்திலிருந்து இறக்கியவனுக்கு விரல் நீளத் துண்டு ஒன்றைச் செருகத் தெரியாதா என்று சவடால் அடித்துவிட்டு, இருப்பதிலேயே பெரிய மெமரியாக ஒன்று வாங்கி வந்தேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் அந்தத் துண்டு உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. துண்டின் அடியில் இருக்கும் வெட்டு ஓரிடம், அதைச் செருகும் பள்ளத்தில் இருக்கும் மேடு வேறிடம். திருப்பிப் போட்டேன், அப்படியும் இல்லை. முக்கி அழுத்தி எல்லாவற்றையும் பாழாக்குவதற்குள் நல்லகாலம் புத்தி வந்தது. மறுபடி கடைக்கு நடந்தேன். மிஷினுக்கு வயது என்ன என்று சொல்லவே இல்லையே சார் என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு, பழைய மாடலுக்கான எட்டு ஜிபி ஒன்றை டிராயரில் துழாவி எடுத்தாள். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

இது அம்சமாக உட்கார்ந்தது. இரண்டு பக்கக் கொக்கியும் டக்கென்று பூட்டிக்கொண்டன. சுவிட்சைப் போட்டால் பீப், பீப் என்று கத்தல். திரை மட்டும் இருட்டு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். கரண்டை நிறுத்திவிட்டு, துண்டைக் கழற்றி அதன் அடியில் இருக்கும் தங்கநிறப் பல் வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்க்கச் சொன்னாள். "பயப்படாம அழுத்துங்க சார், உடையாது" என்றாள். தேய்த்தேன், அழுத்தினேன். உயிர் வந்தது. அடேயப்பா, என்ன வேகம்! தொட்டதெல்லாம் திறந்தது. கைதட்டக்கூட வீட்டில் ஓர் ஆள் இல்லையே என்று அப்போதுதான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மெமரி மாற்றியதை அவளிடம் சொல்லவில்லை. அவளாகக் கண்டுபிடித்துக் கேட்கட்டும் என்று ஆசை.

பாப்பா வந்தாள். படம் கண்ணாடி மாதிரித் தெளிவு. காதோரம் அவளுக்கு நரை விழுந்திருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. மாப்பிள்ளைக்கு வேலையில் மாற்றம் என்றாள், வீட்டு ஓனர் குழாயைச் சரிசெய்ய இழுத்தடிக்கிறார் என்றாள், நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று மிரட்டினாள். ஓரிடத்தில்கூடத் திக்கவில்லை. இன்றைக்கு விட்டால் என்றைக்கு என்று நான் கேட்டேவிட்டேன்.

"பாப்பா, நான் அங்கேயே வந்து உங்களோட இருந்துடட்டுமா? இங்க தனியா முடியலம்மா."

அவள் வாய் லேசாகத் திறந்தது. அப்படியே நின்றது.

நாசமாய்ப் போக, எட்டு ஜிபியும் தண்டமா? பெட்டியை ஒரு தட்டுத் தட்டலாம் என்று கையை ஓங்கினேன். திரையின் மூலையில் சின்னதாகத் தெரிகிற நானும் கையை ஓங்கினேன். அவளுக்குப் பின்னால் ஜன்னல் கர்ட்டன் காற்றில் உப்பி, மெதுவாக அடங்கியது. பக்கத்தில் இருந்த கோப்பையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. அசையாமல் இருந்தது என் மகள் மட்டும்தான்.

புரியவில்லை என்று சொன்னால் பொய். உடனே புரிந்துவிட்டது. பெற்ற அப்பனிடமா இந்த நாடகம்? கர்ட்டன் ஆடுதும்மா என்று சொல்லிவிட வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அப்போதுதான் அவள் மூக்கைப் பார்த்தேன். மூச்சை அடக்கி அடக்கி அது துடித்துக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வாங்க என்று சொல்ல அந்த வீட்டில் அவளுக்கு என்ன இடைஞ்சலோ, யார் கண்டது? நான் வாயை விட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு என்னைக் கூப்பிடுவாள்? எனக்கென்று மிச்சம் இருப்பது அந்த ஒரு நாள்தான்.

"அடடா, மறுபடியும் நின்னுபோச்சே" என்று உரக்கச் சொன்னேன். "பழைய மிஷின்மா, அப்படித்தான் இருக்கும். நான் கேட்டது உனக்குக் கேட்டிருக்காது. பரவால்ல, ஒண்ணும் முக்கியமில்ல. அடுத்த வாரம் பேசலாம்."

அவள் அசையவில்லை. கண்ணிலிருந்து ஒரு சொட்டு மட்டும் கன்னத்தில் இறங்கியது. நான் லைனில் இருக்கும்வரை அதை அவளால் துடைக்க முடியாது. நானே கட் பண்ணினேன்.