நடு பொம்மையின் கால்

பந்து மூன்றாவது முறையாக நழுவியது.

சூரியபிரகாஷ் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. நாகமலை புதுக்கோட்டையில் முனீஸ்வரி நடத்தும் விளையாட்டுக் கூடத்தில் கம்பிகளில் கோத்த பொம்மைகளைச் சுழற்றி ஆடும் மேசைக் கால்பந்து பழகிய நாளிலிருந்து அவனுக்கு ஒரே அடிதான். முன்கம்பியின் நடு பொம்மையைச் சாய்த்து, கால் நுனியால் பந்தை மேசையோடு அழுத்திப் பிடிப்பான். பக்கவாட்டில் இழுப்பான். இடைவெளி தெரிந்ததும் மணிக்கட்டைச் சுழற்றுவான். கால் நுனியில் வெட்டியிருக்கும் மெல்லிய வரிகள்தான் பந்தைப் பிடித்துக்கொள்ளும். இன்று பிடிக்கவில்லை.

எதிரே நின்ற அருள்பாண்டிக்கு அந்த வரிகளே தேவையில்லை. ஓடுகிற பந்தை, பொம்மைக் காலின் தட்டையான முகப்பால் அறைவது அவன் வழக்கம். ஆட்டம் நாலுக்கு நாலு. அடுத்த கோலை அடிப்பவன் கோயம்புத்தூர் போட்டிக்குப் போவான்.

"என்ன மாப்ள, பொம்மைக்குக் கால் வலியா?"

அருள்பாண்டி சிரித்தான். காலையில் சூரியபிரகாஷ் வந்தபோது அருள்பாண்டி மேசையருகே தனியாக நின்றிருந்தான். இவனைக் கண்டதும் விரல்களைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். எதைத் துடைத்தான்?

சூரியபிரகாஷ் குனிந்து, தன் மஞ்சள் பொம்மையின் கால் நுனியைத் தடவினான். வழவழவென்றிருந்தது.

"அரம் போட்டு ராவிட்ட."

"யாரு?"

"நீதான். எனக்கு முன்னாடி எதுக்கு வந்த?"

அருள்பாண்டியின் சிரிப்பு நின்றது.

கல்லாவிலிருந்து முனீஸ்வரி எழுந்து வந்தார். "யாரும் ராவலப்பா. நேத்து ஆயுத பூஜைக்கு நான்தான் சந்தனம் வச்சேன். உதைக்கிறது கால்தானே, அதான் நெத்திய விட்டுட்டு எல்லாத்துக்கும் கால்ல வச்சேன். விளையாடுறப்ப ஒட்டும்னு இந்தத் தம்பிதான் காலையில கையாலயே தொடச்சுவிட்டுச்சு."

அவர் நகத்தால் சுரண்டினார். வரிகளுக்குள் இறுகியிருந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது.

அருள்பாண்டி ஒரு ஈரத்துணி எடுத்து, சூரியபிரகாஷின் முன்கம்பிப் பொம்மைகளை வரி தெரியும்வரை துடைத்தான். தன் பக்கத்தைத் தொடவில்லை.

பந்து மறுபடி உருண்டது. நடு பொம்மையின் கால் அதைக் கவ்விக்கொண்டது. இழுத்தான், சுழற்றினான். கோல்.

அருள்பாண்டி கை நீட்டினான். "போயிட்டு வாங்க. நல்லா ஆடுங்க."

மாப்ள என்ற சொல்லுக்காக சூரியபிரகாஷ் கையை விடாமல் நின்றான். அது வரவில்லை. கடைசி அடியைத் தடுக்க அருள்பாண்டி கம்பியை அசைத்தானா? பந்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் சூரியபிரகாஷ் அதைக் கவனிக்கவில்லை. இனி கேட்கவும் முடியாது.